மோஹித்தல்: வ்யாக்யான வழக்கில் ஒரு சொல்லின் நிலை

திருவாய்மொழி முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழியைத் தொடங்கிய நம்மாழ்வார், அதன் முதற்பாசுரத்தை அருளிச்செய்த அளவிலே ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்பது நம் பூர்வாசார்யர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வெண்ணெய்க் களவில் அகப்பட்டு, உரலோடு கட்டுண்டு, ஏங்கி நின்ற கண்ணனது எளிமையில் ஈடுபட்டு 'எத்திறம்' என்றார். அதற்குமேல் பேச்சு நடக்கவில்லை. ஐந்தாம் பத்தில் 'பிறந்தவாறும்' என்று தொடங்கும் பாசுரத்திலும் அவ்வாறே மோஹித்தார் என்பர். எட்டாம் பத்தின் 'கண்கள் சிவந்து' பாசுரத்தை இவற்றோடு மூன்றாவதாகச் சேர்த்துச் சொல்வதும் உண்டு. இச்செய்தியைத் தாங்கி நிற்பது 'மோஹித்து' என்னும் ஒரு சொல். அச்சொல்லுக்கு இன்று நேர்ந்துவரும் மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

அண்மைக் காலத்தில் எளிய நடையில் வெளிவரும் விளக்க நூல்களைப் புரட்டுவோர் இவ்விடத்தில் மூன்று வகையான எழுத்தைக் காணலாம். சிலர் 'மோகித்து' என்று ககரமிட்டு எழுதி மேலே செல்கின்றனர். சிலர் 'மயங்கினார்' என்கின்றனர். வேறு சிலர் 'மூர்ச்சையடைந்தார்' என்று தெளிவுபடுத்திவிட்டதாக எண்ணுகின்றனர். மூன்றும் ஒரே பொருளைத் தருவன, வாசகர் வசதிக்கேற்ப எதை எழுதினால் என்ன என்பது பொதுவான எண்ணம். இவை ஒரே பொருளைத் தருவன அல்ல. மூன்றில் எதை எடுத்தாலும் வ்யாக்யானம் சொல்ல வந்தது சிறிதேனும் சிதைகிறது என்பதே என் துணிபு.

முதலில் சொல்லின் பழைய நிலை. 'முஹ்' என்னும் தாதுவிலிருந்து பிறந்த மோஹம், வடமொழியில் அறிவு கலங்குதல், அறிவு அழிதல் என்னும் இரு பொருள்களையும் தொடக்கத்திலிருந்தே உடையது. அமரகோசம் மூர்ச்சை, கச்மலம், மோஹம் ஆகிய மூன்றையும் ஒரு பொருட்பன்மொழியாக அடுக்குகிறது. அதுவும் எங்கே? க்ஷத்ரியவர்க்கத்தில், போர்ச் சொற்களின் நடுவே. அடிபட்டு நினைவிழந்து வீழ்வதே அங்கே மோஹம். ஸ்ரீராமாயணத்திலோ அடிபடாமலே மோஹம் வருகிறது. கைகேயியின் சொல் கேட்ட தசரதன் அடைவது சோகத்தால் வந்த மோஹம். ஸ்ரீகீதையில் கண்ணன் அர்ஜுனனைப் பார்த்து முதலில் கேட்கும் கேள்வியில் அமரகோசம் கூறிய கச்மலம் வருகிறது. பதினெட்டாம் அத்தியாய முடிவில் அர்ஜுனன் தன் மோஹம் ஒழிந்து நினைவு மீண்டது என்கிறான். அவன் மூர்ச்சித்து விழவில்லை. ஆயினும் நினைவு மீண்டது என்று அவன் சொல்வது, மோஹத்தின் இரு பொருள்களும் ஒன்றையொன்று விட்டு நெடுந்தூரம் பிரியவில்லை என்பதைக் காட்டும்.

ஸ்ரீபாஷ்யம் ஸேவிப்பவர்களுக்கு இன்னோர் இடம் உடனே நினைவுக்கு வரும். ப்ரஹ்மஸூத்ரத்தின் மூன்றாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில், விழிப்பு, கனவு, உறக்கம் ஆகியவற்றை ஆராய்ந்தபின், மோஹமடைந்தவனது நிலை எதில் அடங்கும் என்ற கேள்வி எழுகிறது. எதிலும் அடங்காது, அது பாதி அடைவு என்று ஸூத்ரகாரர் முடிக்கிறார். எதன் பாதி என்பதில் பாஷ்யகாரர் நமக்குத் தரும் விடை, மரணத்தின் பாதி என்பது. ப்ராணன்களுக்கும் தேஹத்துக்கும் உள்ள தொடர்பு முழுதும் ஒழிவது மரணம். அத்தொடர்பு ஸூக்ஷ்மமாக எஞ்சி நிற்பது மூர்ச்சை. சங்கராசார்யர் இவ்விடத்தில் உலக்கையடி முதலியவற்றை நிமித்தமாகக் காட்டி, அந்நிலையை மோஹம் என்றே குறிக்கிறார். (அவர் காட்டிய மோஹத்துக்கு நிமித்தம் உலக்கை, நம் ஆழ்வாருடைய மோஹத்துக்கு நிமித்தம் உரல் என்று ரஸிகர்கள் சேர்த்து அநுபவிக்கலாம்.)

தமிழ் மரபிலும் இதற்கு ஒப்பான வரிசை உண்டு. தொல்காப்பியக் களவியல் காமத்தின் நிலைகளை அடுக்கும்போது, சாக்காட்டுக்கு முன்னே நிற்பது மயக்கம். வடமொழிக் காமநூலார் கூறும் பத்து அவஸ்தைகளில் மரணத்துக்கு முன்னே ஒன்பதாவதாக நிற்பது மூர்ச்சை. ஆக, சொல்லால் வேறுபட்டாலும், இறப்புக்கு ஒரு படி இப்புறம் உள்ள நிலை என்பதில் வேதாந்தமும் அகப்பொருளும் ஒத்துப்போகின்றன.

இனி ஆழ்வார் தம் திருவாக்கிலேயே இச்சொற்களை எவ்வாறு வழங்குகிறார் என்று பார்க்கவேண்டும். ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழி, திருவரங்கத்தெம்பெருமானிடம் மகளின் நிலையைத் தாய் முறையிடுவது. அதன் நான்காம் பாசுரத்தில் 'மயங்கும்' என்ற சொல்லும் 'மூர்ச்சிக்கும்' என்ற சொல்லும் அடுத்தடுத்த அடிகளில் வருகின்றன. ஒரே பொருளாயின் இரண்டும் வேண்டியதில்லை. மகள் எழுந்து உலாவுகிறாள், அப்போது மயங்குகிறாள். காதலின் கொடுமையைச் சொல்லி, பிறகு மூர்ச்சிக்கிறாள். நடக்கிறவளுடைய தடுமாற்றம் முன்னது. நினைவு தப்பி வீழ்வது பின்னது. எனவே 'மயங்குதல்' ஆழ்வார் வழக்கில் வீழ்ச்சியைக் குறிக்கவேண்டிய கட்டாயமில்லை. அது கலக்கம். அந்தக் கலக்கம் முற்றினால் வரும் நிலைக்கு அவரே வேறு சொல்லைக் கையாண்டிருக்கிறார்.

ஆழ்வாரே மூர்ச்சையைச் சொன்னபிறகு, வ்யாக்யாதாக்கள் அவருடைய ஆறு மாத நிலைக்கு அச்சொல்லையே எடுத்திருக்கலாமே! ஏன் மோஹத்தைத் தேடிச் சென்றார்கள்?

மூர்ச்சை பாசுரத்துக்குள் நிகழ்கிறது. பராங்குசநாயகி மூர்ச்சிக்கிறாள், அதைத் தாய் பார்த்துச் சொல்கிறாள், பாசுரம் தடையின்றி நடக்கிறது. மூர்ச்சித்தவள் அடுத்த நொடியில் கடல்வண்ணனை அழைத்துப் பேசவும் செய்கிறாள். இது அகப்பொருள் அவஸ்தைகளில் ஒன்றாகக் கவிக்குள் அமைந்தது. 'எத்திறம்' என்றவிடத்தில் நிகழ்ந்தது அதுவன்று. அங்கே தாயும் இல்லை, மகளும் இல்லை. ஆழ்வார் தாமான தன்மையில் பேசிக்கொண்டிருக்கிறார். 'பிறந்தவாறும்', 'கண்கள் சிவந்து' ஆகியவையும் தாமான தன்மையில் அமைந்தவையே. பார்த்துச் சொல்வார் பாசுரத்துக்குள் ஒருவரும் இல்லாமையால், பாசுரமே நின்றுவிடுகிறது. அந்நிறுத்தம் நூலில் எங்கும் எழுதப்படவில்லை. முதற்பாசுரத்தை அடுத்து இரண்டாம் பாசுரம் ஒரு வரி இடைவெளியோடு அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு வரி வெண்மைக்குள் ஆறு மாதம் கிடக்கிறது என்பதை நமக்குக் காட்டித் தருவது வ்யாக்யாதாக்களின் 'மோஹித்து' என்னும் சொல் ஒன்றே.

இங்கே அந்தாதித் தொடையையும் கவனிக்கவேண்டும். முதற்பாசுரம் கண்ணனது எளிமையைச் சொல்லும் சொல்லில் முடிகிறது. இரண்டாம் பாசுரம் அதே சொல்லை முதலாகக் கொண்டு எழுகிறது. இடையே ஆறு மாதம் கழிந்தது என்று கொண்டால், ஆழ்வார் எந்தச் சொல்லில் அறிவழிந்தாரோ அந்தச் சொல்லிலேயே அறிவு மீண்டார் என்றாகிறது. ஐந்தாம் பத்திலும், எம்பெருமானைச் சேர்வது என்றோ என்னும் ஏக்கத்தில் நின்ற ஓசை, அடுத்த பாசுரத்தில் நப்பின்னைப்பிராட்டியின் வதுவையைச் சொல்லும் சொல்லாகத் திரும்பி வருகிறது. நினைவு அடியோடு அற்றவனுக்கு இது கூடுமோ? வெளியறிவு ஒழிந்து, அநுபவம் உள்ளே அறாது நின்றது என்று கொண்டால்தான் கூடும். மூர்ச்சையில் இவ்வாறு எஞ்சி நிற்பது ஒன்றில்லை. அதற்கு நிமித்தம் உண்டு. ஆனால் விஷயம் இல்லை. இன்ன காரணத்தால் மூர்ச்சித்தான் என்போம், இன்னதில் மூர்ச்சித்தான் என்று சொல்லும் வழக்கில்லை. மோஹித்தலுக்கோ வ்யாக்யான வழக்கில் ஏழாம் வேற்றுமை இயல்பாகவே வருகிறது: சீலத்தில் மோஹித்தார், ஸௌலப்யத்தில் மோஹித்தார், அவதாரத்தில் மோஹித்தார். வீழ்ந்த இடமே விஷயமாக அமைவது இச்சொல்லின் தனிச்சிறப்பு.

எம்பெருமானார் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை இதனோடு ஒப்பிடலாம். திருப்பாவையை அநுஸந்தித்துக்கொண்டே மாதுகரத்துக்கு எழுந்தருளிய உடையவர், பதினெட்டாம் பாட்டின் முடிவில் பெரிய நம்பிகள் திருமாளிகைக் கதவு திறக்க, வளையொலியோடு வந்த அத்துழாயை நப்பின்னைப்பிராட்டியாகவே கண்டு வீழ்ந்தார் என்பர். இதைச் சொல்வோர் பெரும்பாலும் 'மூர்ச்சித்தார்' என்றே சொல்லக் கேட்கிறோம். பொருத்தமே. கண்டதும் வீழ்ந்தார், சிறிது போதில் தெளிந்தார். ஆயுர்வேதத்தாரும் மூர்ச்சையை அவ்வாறுதான் வரையறுக்கின்றனர். சரகஸம்ஹிதை ஸூத்ரஸ்தானத்தின் 24ஆம் அத்தியாயத்தில், மதமும் மூர்ச்சையும் தோஷத்தின் வேகம் தணிந்ததும் தாமே தெளிவன என்றும், மருந்தின்றித் தெளியாத நிலை வேறொன்று என்றும் பிரித்துக் கூறப்படுகிறது. அந்த வேறொன்றுக்கு அவர்கள் இட்ட பெயர் ஸந்ந்யாஸம் என்பது, நம்மவர்க்குச் சற்று வியப்பளிக்கும். இது நிற்க.

வ்யாக்யானங்கள் எல்லாம் இந்தப் பகுப்பை இலக்கண விதிபோல் காத்தன என்று நான் சொல்லவில்லை. ஈடு, நம்பிள்ளை கோஷ்டியில் அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது. பேச்சின் ஓட்டத்தில் ஒரு சொல்லின் இடத்தில் மற்றொன்று வருவது இயல்பே. ஆயினும் ஆழ்வாரின் தளர்ச்சியைச் சொல்ல வ்யாக்யாதாக்களிடம் எத்தனை சொற்கள் இருந்தன என்று பாருங்கள்! சிதிலராதல், பரவசராதல், அவஸந்நராதல், தரைப்படுதல், அலமருதல் என்று ஒவ்வொரு திருவாய்மொழியின் அவதாரிகையிலும் ஆழ்வாருடைய நிலை அளந்து கூறப்படுகிறது. இத்தனை சொற்களைக் கையில் வைத்திருந்தவர்கள் ஆறு மாதம் என்னும் செய்தி வருமிடங்களில் மோஹித்தலையே நாடினார்கள் என்றால், அது கைபோன போக்கில் வந்த சொல்லாக இருக்க முடியாது. இதற்கு எதிராக அவர்கள் நிறுத்தும் சொல்லும் கருதத்தக்கது: அது தரித்தல். ஐந்தாம் பத்தில் ஆழ்வார் வேண்டுவதே, உருகிப்போகாமல் தரித்து நின்று நினைக்கும்படி செய்தருளவேண்டும் என்பதுதான். மோஹம் தீரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அதைத் தாங்கும் நிலையைக் கேட்கிறார்.

இனி 'மயங்கினார்' என்று எழுதுவோரை நோக்கி ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் நோக்கம் நல்லது. வடசொல்லை விட்டுத் தமிழ்ச்சொல்லை இடுகிறார்கள். ஆனால் திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில், தமக்கு மயர்வு நீங்கும்படி எம்பெருமான் அருளினான் என்று ஆழ்வாரே அறிவிக்கிறார். அறியாமை, ஒன்றை வேறாக அறிதல், மாறுபட அறிதல் ஆகிய யாவும் ஒழிந்தன என்பது அதற்கு வ்யாக்யானம். மயர்வு, மயல், மயக்கம் ஆகியவை ஓரினச் சொற்கள். இருபத்து மூன்றாம் பாசுரத்திலேயே 'ஆழ்வார் மயங்கினார்' என்று உரைகாரர் எழுதினால், முதற்பாசுரத்தில் எம்பெருமான் நீக்கியதை உரைகாரர் மீட்டுக் கொடுத்ததாகிறது. படிப்பவர் இதைச் சொல்லளவில் உணராவிட்டாலும் கருத்தளவில் இடறுவர். மயர்வு அற்றவருக்கு மயக்கம் எப்படி என்ற கேள்வி எழும். எழுந்தால் அதற்கு அந்த உரையில் விடையிராது.

மோஹமும் அப்படிப்பட்டதுதானே, கீதையின் பதினான்காம் அத்தியாயம் மோஹத்தைத் தமோகுணத்தின் விளைவாக அன்றோ சொல்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பூர்வர்கள் அதை அறியாதவர்கள் அல்லர். அறிந்தே அச்சொல்லை எடுத்தார்கள் என்றுதான் கொள்ளவேண்டும். அறிவின்மையால் வரும் மோஹம் ஸம்ஸாரிகளுடையது. அறிவு முற்றி, அது பக்தியாகப் பரிணமித்து, விஷயத்தின் பெருமையைத் தாங்கமாட்டாமல் வரும் மோஹம் ஆழ்வாருடையது. ஸம்ஸாரியின் நோய்ப்பெயரையே ஆழ்வாரின் பேற்றுக்கு இட்டதில் ஒரு நயம் இருக்கிறது. தமிழ்ச் 'மயக்க'த்தில் இந்நயம் ஏற்படாமைக்குக் காரணம், மயர்வு அற்றதை ஆழ்வார் தம் வாயாலேயே சொல்லிவிட்டது. 'மோஹம் அற்றது' என்று அவர் சொல்லியிருந்தால், வ்யாக்யாதாக்கள் வேறு சொல்லைத் தேடியிருப்பர் என்று நினைக்கிறேன்.

'மோகித்து' என்று எழுதிவிட்டுச் செல்வோர் நிலை இதனினும் இடர்ப்பாடானது. இன்றைய தமிழில் மோகம் என்பதன் பொருளை யாவரும் அறிவர். ஆங்கில மோகம், பதவி மோகம், திரைப்பட மோகம் என்று ஒருபுறம். ஆண் பெண் வேட்கை மற்றொருபுறம். தி. ஜானகிராமன் தம் நாவலுக்கு 'மோக முள்' என்று பெயரிட்டபோது யாருக்கும் மூர்ச்சை நினைவுக்கு வந்திராது. அதில் குற்றமொன்றுமில்லை, சொற்கள் காலத்தோடு நடக்கின்றன. ஆனால் காலக்ஷேபத்துக்குப் புதிதாக வரும் இளையவர் ஒருவர் 'கண்ணனது எளிமையில் ஆழ்வார் ஆறு மாதம் மோகித்தார்' என்று படித்தால், ஆறு மாதம் அந்த நினைப்பில் திளைத்திருந்தார் என்றே கொள்வார். ஒரு நிகழ்ச்சி உபசாரமாகிவிடும். திருப்புளியடியில் ஆழ்வார் உணர்வற்றுக் கிடந்ததும், மீண்டும் திருவாய் மலரும் வரை பாசுரம் நின்றதும் மறைந்துபோகும். வீழ்ச்சி போய் விருப்பம் மட்டும் எஞ்சும்.

அன்புப்பொருள் முழுதும் புதியது என்றும் சொல்வதற்கில்லை. நம் ஸம்ப்ரதாயத்திலேயே அதற்கு இடமுண்டு. அதை நம்மவர் 'வ்யாமோஹம்' என்று உபஸர்க்கத்தோடு பிரித்து வைத்தார்கள். கூரத்தாழ்வான் அருளிய எம்பெருமானார் தனியனில், அச்யுதன் திருவடிகளிடத்தில் உடையவருக்குள்ள பேரன்பு வ்யாமோஹம் என்றே சொல்லப்படுகிறது. அடியார்களிடத்தில் எம்பெருமானுக்குள்ள பித்தையும் வ்யாக்யாதாக்கள் இச்சொல்லால் குறிப்பர். வ்யாமோஹம் அன்பின் மிகுதி; மோஹித்தல் அந்த மிகுதி உடலைக் கீழே தள்ளுவது. எம்பெருமானுக்கு வ்யாமோஹம் உண்டு என்போம். அவன் ஆறு மாதம் மோஹித்தான் என்று சொல்வாரில்லை. இவ்வளவு நுட்பமாகப் பங்கிட்டு வைத்த இரு சொற்களை இன்றைய 'மோகம்' ஒன்றாக விழுங்கிவிடுகிறது.

ஆகவே உரைநடையில் எழுதுவோர், 'மோஹித்து' என்ற சொல்லை ஹகரத்தோடு அப்படியே நிறுத்தி, முதலில் வருமிடத்தில் 'வெளியறிவு ஒழிந்து' என்று ஒரு முறை விளக்கிவிட்டு, பின் வருமிடங்களிலும் சொல்லை மாற்றாமல் எழுதுவது தகும். ஹகரம் கண்ணுக்குப் பழக்கமற்றது என்பதே இங்கு நன்மை. அன்றாட மோகத்திலிருந்து வேறான சொல் இது என்று படிப்பவரைச் சற்றே நிற்கவைக்கும். ஏழாம் பத்தில் மகளுடைய நிலையைச் சொல்லுமிடத்தில் ஆழ்வார் திருவாக்கான மூர்ச்சையையே விடவேண்டும். அங்கே மோஹத்தைக் கொண்டுவந்து நிரப்புவதும் பிழையே.

எழுத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் பதிப்பாசிரியர்களுக்கு இன்னொன்று. மேலே சொன்ன ப்ரஹ்மஸூத்ர அதிகரணத்தின் பெயர், மோஹமடைந்தவன் என்னும் பொருளில் 'முஹ்' தாதுவிலிருந்து வருவது. தமிழெழுத்தில் அது 'முக்தாதிகரணம்' என்றாகும்போது, மோக்ஷமடைந்த முக்தனுக்கும் அறிவழிந்து கிடப்பவனுக்கும் எழுத்தில் வேற்றுமை இல்லாமல் போகிறது. முன்பு நம் நூல்கள் தெலுங்கு லிபியிலும் க்ரந்த லிபியிலும் அச்சானபோது இந்த இடர் இருக்கவில்லை. குழந்தைக் கண்ணனின் கள்ளமற்ற பேச்சை 'முக்தமான பேச்சு' என்னுமிடத்திலும் இதே குழப்பம் உண்டு. பொருளகராதி தொகுப்போர் மூன்றையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் இட்டுவிட நேரும். மோஹத்தோடு உறவுடைய இரண்டுக்கும் ககர தகரங்களின் மேல் உரிய எண்களை இட்டு, 'முக்₃த₄' என்று வேறாக அச்சிடுவது நலம்.